டைனமோ போன வாரம்

மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துவது.

புதுச்சேரியில் பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பெயர் ஜெசிந்தா. என்னிடம் இருப்பது ஒரே ஒரு சின்ன பெட்ரோல் கார். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போல என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அதனால் கற்றுக்கொள்ள வந்தவர்களால் எனக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் காரால்தான். சொந்தமாகக் கார் வைத்திருந்து, பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரி தலையாட்டி மூடிய அனுபவம் உள்ளவர்கள் என் உறவினர்கள், வாருங்கள். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

சிவப்பாக ஒரு விளக்கு

லூர்து சார் பிரான்சில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அங்கே ரோட்டின் வலது பக்கம் ஓட்டிப் பழகிவிட்டார். அவரை இடது பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் பிரான்சுக்குப் போவார். நான் பிரேக்கை மிதித்து இந்தியாவுக்குக் கூட்டிவருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரைக்குப் பின்புறத் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது அவர், "மதாம், பேட்டரி படம் போட்டு சிவப்பா ஒரு லைட் எரியுதே?" என்றார். எனக்கும் தெரியும். பத்து நாளாக அது எரிவதும் அணைவதுமாக இருந்தது. முதல் நாள் கவலைப்பட்டேன். இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள் வேளாங்கண்ணியில் வாங்கி வந்த மாதா ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, சரியாக அந்த விளக்குக்கு மேலே ஒட்டினேன். மெக்கானிக் செலவு மிச்சம், பக்தியும் ஆயிற்று. ஸ்டிக்கரின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருந்ததால் லூர்து சார் கண்ணில் பட்டுவிட்டது.

"அது அப்பப்ப எரியும் சார். நீங்க ரோட்டைப் பாருங்க" என்றேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரையே பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "பிரான்சுல இந்த லைட் எரிஞ்சா வண்டிய நிறுத்திடுவோம். இங்க மாதாவ ஒட்டிடுவீங்களா மதாம்?"

பெரிய மார்க்கெட் வாசலில்

அஞ்சலையக்கா கடலோரப் பிள்ளைச்சாவடிக்காரர். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். என்னை விட ஐந்து வயது பெரியவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்த குட்டி லோடு வண்டி ஒன்று வீட்டு வாசலில் நிற்கிறது. சர்க்கரை நோய் அந்த வீட்டுக்காரர் கண்ணைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வைத்த டிரைவர்கள் யாருக்கும் காலையில் கண் திறப்பதில்லை. ஏலத்தில் எடுத்த மீன் கரையிலேயே கிடந்து, மார்க்கெட்டுக்கு வந்து சேரும்போது பாதி விலைக்குப் போகும். "நானே ஓட்டிக்கிறேன்" என்று ஒரு நாள் என் ஆபீசுக்குள் வந்து நின்றார்.

ஓட்டுவதில் அவருக்குப் பயமே கிடையாது. ஒரே ஒரு குறை, கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுவார். வண்டி குலுங்கி நின்றுவிடும். முதல் தடவை டெஸ்டுக்குப் போனபோது மூன்று முறை நின்றுபோய் ஃபெயில் ஆனார். இரண்டாவது டெஸ்ட் அந்த வெள்ளிக்கிழமை. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் ஞாயிற்றுக்கிழமையோடு காலாவதி. விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மதியம் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மார்க்கெட் வாசலுக்கு நேராக, முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ, பக்கவாட்டில் வாழைத்தார் ஏற்றிய தள்ளுவண்டி. அந்த இடத்தில் என் கார் ஒரு தடவை இருமி அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். எல் போர்டு மாட்டிய வண்டி நின்றால் யாரைத் திட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கமிருந்தும் ஹாரன். "என்னா, மீன் விக்கிற ஆளுக்குக் காரு கேக்குதா?" என்று ஆட்டோவிலிருந்து ஒரு குரல். அஞ்சலையக்கா முகம் சுருங்கிவிட்டது. "நான் கிளட்ச்ச வுடல டீச்சர், சத்தியமா வுடல" என்றார். அவர் விடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற நாலு பேர் அவரை அடையாளம் கண்டு ஓடிவந்து தள்ளினார்கள். ஓரத்தில் கொண்டு நிறுத்திவிட்டு அவர்களில் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எனக்கு ஒரு யோசனை சொன்னார்: "எல் போர்டு மட்டும் போட்டா பத்தாது மேடம். தள்றதுக்கு நாலு ஆளையும் கூடவே வெச்சிக்கணும்."

பேட்டரி வைத்தியம்

கார் நின்றால் புதுச்சேரியில் எல்லாரும் எலக்ட்ரீஷியன். டீக்கடைக்காரர் பேட்டரி என்றார். பூக்கார அம்மா பேட்டரி என்றார். போனில் என் தம்பி, காரைப் பார்க்காமலே பேட்டரி என்றான். பேட்டரிக் கடைக்காரரும் பேட்டரி என்றார். அவர் வேறு என்ன சொல்வார்? புதிய பேட்டரி மாட்டியதும் கார் ஒரே சாவியில் உறுமிக்கொண்டு கிளம்பியது. செலவானாலும் பிரச்சினை தீர்ந்தது என்ற திருப்தி இருக்கிறதே, அது எனக்கு முழுதாக ஒரு நாள் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை மாலை மறுபடியும் 'டிக்'.

பக்கத்துக் காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து, எங்கேயும் நிறுத்தாமல் தவளக்குப்பத்துக்கு ஓட்டிப் போனேன். அங்கே கடலூர் ரோட்டில் கார் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் குமார் என் பழைய ஸ்டூடண்ட். மீட்டரை எடுத்து அதன் இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்தார். "என்ஜின் ஓடும்போது இது பதினாலு வோல்ட்டுக்குப் பக்கத்துல காட்டணும். பதினொன்னரைதான் காட்டுது" என்றார். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர், இவர்கள் பாஷையில் டைனமோ, போய்விட்டது. வண்டி இத்தனை நாளும் பேட்டரியில் இருந்ததைத் தின்றே ஓடியிருக்கிறது.

"இதுக்கு முன்னாடியே சிவப்பு லைட் எரிஞ்சிருக்குமே மேடம்?" என்றார். நான் ஸ்டிக்கர் பக்கம் பார்க்காமல், "எரிஞ்சிருக்கலாம்" என்றேன். பழைய பேட்டரி எங்கே என்று கேட்டார். புதியது வாங்கும்போது கழிவு விலைக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை: "கெட்டத அப்படியே வுட்டுட்டு, நல்லா இருந்தத மாத்தியிருக்கீங்க மேடம்."

பத்துக்குப் பத்து

குமார் கழற்றிப் பார்த்ததில் உள்ளே இருந்த கம்பிச் சுருள் கருகியிருந்தது. ரிப்பேர் செய்தாலும் நிற்காது என்றார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்கலாமே என்று புதன்கிழமை காலை ஒரு ஆட்டோ பிடித்துப் போனேன். ஏசி, சோபா, பட்டனைத் தட்டினால் காபி. அவ்வளவும் இலவசம் என்று எழுதியிருந்தது. அந்தக் காபிக்கும் சேர்த்துத்தான் அப்புறம் வாங்குவார்கள் என்று நமக்குத் தெரியாதா?

கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் ஒரு டைனமோ கேட்டேன். அவர் ஆல்டர்னேட்டர் அசெம்பிளி என்று ஆரம்பித்தார். அதோடு பெல்ட்டும் மாற்றுவது நல்லதாம். பெல்ட் மாற்றினால் அதை இழுத்துப் பிடிக்கிற சின்ன சக்கரத்தையும் மாற்றுவது நல்லதாம். கழற்றி மாட்டும் கூலி, வரி, "ஃபுல் ஹெல்த் செக்கப்". கடைசியில் திரையை என் பக்கம் திருப்பினார். இருபதாயிரத்துக்கு இருநூறு குறைவு. எனக்கே ஹெல்த் செக்கப் தேவைப்பட்டது. "எப்போ கிடைக்கும்?" என்றேன். சென்னையிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமை என்றார். "வெள்ளிக்கிழமை என் ஸ்டூடண்ட்டுக்கு டெஸ்ட் இருக்கு தம்பி" என்றேன். உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

எதுவும் வாங்காமல் எழுந்தேன். தம்பி கதவு வரைக்கும் கூடவே வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், ஃபீட்பேக் கேட்டு கால் வரும். பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க."

காயலான் கடைச் சரக்கு

குமார் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அவருக்குத் தெரிந்த ஸ்பேர் கடையில் புதியது, பதினோராயிரம். அதுவும் சனிக்கிழமைதான் வரும். மற்றது, காயலான் கடையில் இதே மாடல் காரிலிருந்து கழற்றிய பழையது, மூவாயிரத்து ஐந்நூறு, அன்றைக்கே மாட்டலாம். எனக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை. புதியதுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, அதுவரை ஓட்டப் பழையதை மாட்டச் சொன்னேன். "கியாரன்டி உண்டா?" என்று கேட்டது என் தவறு. "கடை வாசல் வரைக்கும் உண்டு" என்று அந்தக் காயலான் கடைக்காரர் சொன்னாராம்.

நியாயமான மனிதர், வாசலைத் தாண்டியும் ஒரு நாள் ஓடியது. அந்த ஒரு நாளும் அஞ்சலையக்காவுக்குப் பயிற்சி கொடுத்தேன். கிளட்சை மெல்ல விடுவது எப்படி என்று அவருக்குப் பிடிபடத் தொடங்கியது. வியாழக்கிழமை பிற்பகல், ஒரு தடவைகூட நிறுத்தாமல் ரிவர்ஸ் எடுத்து முடித்துவிட்டுச் சிறு பிள்ளை மாதிரி சிரித்தார். அந்த நேரம் பானெட்டுக்கு அடியில் கிரீச் என்று ஒரு சத்தம், பிறகு கருகல் நாற்றம்.

குமாருக்குப் போன் போட்டேன். அவர் அசரவே இல்லை. "அது ஏற்கெனவே ஒரு தடவை செத்ததுதானே மேடம், ரெண்டாவது தடவை சாகறதுக்கு யோசிக்கவா போவுது?"

வெள்ளிக்கிழமை மைதானத்தில்

டெஸ்டைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்த்தேன். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துதான். அதற்குள் எல்.எல்.ஆர். முடிந்துவிடும். குமார் அந்தக் கெட்ட டைனமோவோடு தொடர்பை அறுத்துவிட்டு, பேட்டரியை மட்டும் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிக் கொடுத்தார். "ஏசி கூடாது, லைட் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் பேட்டரி எறங்கும். பாத்துக்குங்க" என்றார். மைதானத்துக்குப் போகிற வழியில், அஞ்சலையக்காவிடம் ஸ்டிக்கர் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். என் கஞ்சத்தனம் அவருடைய ஆறு மாத உழைப்பைத் தின்னப் போகிறது என்றும் சொன்னேன். அவர், "வுடுங்க டீச்சர், கடல்ல போறவங்க இதவிட மோசமான என்ஜின வெச்சிக்கினுதான் போறாங்க" என்றார்.

அன்றைக்கு என் வண்டியில் டெஸ்ட் கொடுக்க நாலு பேர். பெயர் கூப்பிட்டதில் அஞ்சலையக்கா கடைசி. முதல் மூன்று பேரும் ஆளுக்கொரு முறை ஸ்டார்ட் செய்தார்கள். அதில் ஒரு காலேஜ் பெண் இரண்டு தடவை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தாள். ஒவ்வொரு முறையும் அந்த 'க்ர்ர்' கொஞ்சம் நீண்டுகொண்டே போனது எனக்கு மட்டும் கேட்டது. பக்கத்து டிரைவிங் ஸ்கூல்காரர் பாவப்பட்டுத் தன் காரைக் கொடுக்க முன்வந்தார். வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அஞ்சலையக்கா மறுத்துவிட்டார். "அந்த வண்டி கிளட்சு எனக்குத் தெரியாது. இது செத்தாலும் என் கையிலயே சாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் என் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் வெளியே வெயிலில். அஞ்சலையக்கா சாவியைத் திருப்பினார். க்ர்ர்... க்ர்ர்... நின்றுவிட்டது. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை எப்படியோ பிடித்துக்கொண்டது. நான் மூச்சு விடுவதற்குள் இன்ஸ்பெக்டர், "சூடா இருக்கு, ஏசியப் போடும்மா" என்றார். ஏசி போட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அஞ்சலையக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சார், நான் காலையில மூணு கூடை சுறா அறுத்துட்டு வந்திருக்கேன். கண்ணாடிய மூடி வெச்சா உங்களாலதான் தாங்க முடியாது" என்றார். இன்ஸ்பெக்டர் அவசர அவசரமாகக் கண்ணாடிப் பட்டனை அழுத்தினார். அது பாதி தூரம் இறங்கி நின்றுவிட்டது. அந்தப் பாதியிலேயே அவர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

முன்னால் போனது, நிறுத்தியது, எல்லாம் சரி. கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ். வண்டி ஒரு தடவை குலுங்கியது. மணலில் நின்றுகொண்டிருந்த என் இடது கால் இல்லாத கிளட்சை ஓங்கி மிதித்தது. உள்ளே அவர் கால் இருக்கிற கிளட்சை மெல்லப் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. ஆனால் அடுத்த வளைவில் பேட்டரியின் தெம்பு குறைந்துபோய், மின்சாரத்தில் இயங்கும் ஸ்டேரிங் உதவி நின்றுவிட்டது. அப்படி நின்றால் ஸ்டேரிங் அம்மிக்கல் கனம் கனக்கும்; திடமான ஆண்களே அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அஞ்சலையக்கா என்னைப் பார்க்கவில்லை. சீட்டிலிருந்து லேசாக எழும்பி, ஐஸ் பெட்டியைப் புரட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் அந்த ஸ்டேரிங்கைத் திருப்பினார். கழுத்து நரம்பு தெரிந்தது. ஒரு கம்பத்திலும் இடிக்காமல் கார் வெளியே வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டேன்.

"போதும்மா, ஆஃப் பண்ணிட்டு எறங்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆஃப் பண்ணாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் ஆஃப் ஆகிவிட்டது. மைதானத்தின் நட்டநடுவில், அடுத்த பத்துப் பேரின் வழியை அடைத்துக்கொண்டு, என் கார் நிம்மதியாக உயிரை விட்டது. இன்ஸ்பெக்டர் சாவியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பாதி இறங்கிய கண்ணாடியைப் பார்த்தார். பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்தம்மா பாஸ். வண்டி ஃபெயில். தள்ளி ஓரமா போடுங்க."

இன்னொரு மேடத்துக்கு

சனிக்கிழமை புதிய டைனமோ வந்தது. அட்டைப் பெட்டியில், நகைக்கடை நகை மாதிரி தெர்மாகோல் நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. குமார் மாட்டினார். மீட்டர் பதினாலு காட்டியது. ஒரு மாதா படத்தின் கீழே பத்து நாள் ஒளிந்திருந்த பிரச்சினைக்கு ஒரு பேட்டரி, ஒரு காயலான் கடைச் சரக்கு, ஒரு புதுச் சரக்கு, ஆட்டோ செலவு தனி. நான் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் தெரிந்துவிடுமே.

கிளம்பும்போது, கழற்றிப் போட்ட இரண்டு பழைய டைனமோவையும் ஞாபகமாக எடுத்துக்கொள்ளப் போனேன். குமார் தடுத்துவிட்டார். காசு கொடுத்து வாங்கியது, எதற்காவது ஆகும் என்றேன். "அதத்தான் நானும் சொல்றேன். ரெண்டையும் பிரிச்சி ஒண்ணா சேத்துடுவேன். அவசரத்துக்கு இன்னொரு மேடம் வருவாங்க."

வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். வாசலுக்குப் பக்கத்தில், அந்த நெரிசலிலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர்க்கோடு போட்ட மாதிரி குட்டி லோடு வண்டி ஒன்று நின்றிருந்தது. உள்ளே அஞ்சலையக்கா கடையில் மீன் வெள்ளையாக, கண் தெளிவாக, காலை ஏலத்தில் எடுத்த புதுசாக இருந்தது. முழு விலை சொன்னார். முழு விலைக்கே போனது. வீட்டுக்காரர் இப்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறாராம். கண் தெரியாவிட்டாலும் "கியரை மாத்து, கியரை மாத்து" என்று வழி நெடுக வகுப்பு எடுக்கிறாராம்.

எனக்கு ஒரு வஞ்சிரத்தை நறுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். காரைப் பற்றி விசாரித்தார். பின்பக்க டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றேன். கத்தியைத் துடைத்துக்கொண்டே, தொழிலில் மூத்தவர் புதிதாகச் சேர்ந்தவரிடம் பேசுகிற தோரணையில் சொன்னார்: "ஒடனே மாத்துங்க டீச்சர். டயருமேல படம் ஒட்டினா நிக்காது."

பத்தொன்பது வருடமாகப் பாதி ஊருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், காரை வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிற ஸ்கூல் எங்கே இருக்கிறது என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.